சாமி மக்களும் சுற்றுலாவும்: காசு யாருக்குப் போகிறது?

கேள்வி இது: நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளின் வடகோடியில் வாழும் சாமி பழங்குடி மக்களுக்குச் சுற்றுலா உண்மையான பிழைப்பாக ஆகுமா? டிசம்பரில் ஃபின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்து போகிறவர்கள் "சாமி கிராம அனுபவம்" என்று காசு கட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்களே, அது அந்த மக்களுக்கு உதவியா, இல்லை மனிதக் கண்காட்சியா?

ஆகும். இன்றைக்கே பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. ஆனால் துருவமான் மந்தையோ, ஆற்று மீனோ, கைத்தொழிலோ வீட்டின் முதல் வருமானமாக நிற்க, அதற்குப் பக்கத்தில் சுற்றுலா வந்து சேரும் குடும்பங்களில்தான் அது நன்றாக நடக்கிறது. அதோடு, மேய்ச்சல் நிலமும் அனுமதிச் சீட்டும் யார் கையில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பண்பாட்டை விற்கலாமா கூடாதா என்று மட்டும் பேசினால் பேச்சு வளருமே தவிர விஷயம் பிடிபடாது.

முதலில் யார் இவர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாமி மக்களின் தாயகம் நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என நான்கு நாடுகளில் பரவிக் கிடக்கிறது. மொத்தத்தில் 80,000 முதல் 1,00,000 பேர் இருக்கலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. பெரும்பகுதியினர் நார்வேயில் இருக்கிறார்கள். ஃபின்லாந்தில் சுமார் 10,000 பேர்; அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தாயகப் பகுதிக்கு வெளியே, ஹெல்சிங்கி, ஓலு போன்ற நகரங்களில் வசிக்கிறார்கள். ரஷ்யா தவிர்த்த மூன்று நாடுகளிலும் சாமி நாடாளுமன்றம் என்ற பெயரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு உண்டு: நார்வேயில் 1989இலும், ஸ்வீடனில் 1993இலும், ஃபின்லாந்தில் இன்றைய வடிவில் 1996இலும் தொடங்கின. சட்டம் இயற்றும் அதிகாரம் எதற்கும் கிடையாது. நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க் தமிழருக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 1980களிலிருந்து இலங்கையிலிருந்து போன தமிழர் பலர் அந்தக் கடற்கரை ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில்தான் முதல் வேலை பார்த்தார்கள்.

சாமி என்றாலே துருவமான் மேய்ப்பவர் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. உண்மையில் பத்தில் ஒருவர்தான் அந்தத் தொழிலில் இருக்கிறார். மற்றவர்கள் ஆசிரியர், செவிலியர், மீனவர், லாரி ஓட்டுநர் என எல்லாமும்தான். சுற்றுலா விளம்பரத்தில் இந்தத் தொண்ணூறு சதவீதம் வருவதே இல்லை. சரி, அந்தப் பத்தில் ஒருவரின் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். சுற்றுலா எங்கே நுழைகிறது என்பது அங்கேதான் தெரியும்.

துருவமான்கள் கொட்டிலில் வளர்வதில்லை. பொது மேய்ச்சல் நிலத்தில், காட்டிலும் மேட்டு நிலத்திலும் தாமாகத் திரிகின்றன. எது யாருடையது என்று காதில் வெட்டிய அடையாளத்தை வைத்துத்தான் தெரியும். கன்றுகளுக்கு அந்த அடையாளம் போடுவது கோடையில். பகல் வெயிலில் மந்தை சோர்ந்துவிடும் என்பதால், சூரியன் மறையாத இரவுகளில் அந்த வேலை நடக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர் தொடங்கும்போதும் மந்தையைப் பட்டியில் சேர்த்து, பிரித்து, விற்பனைக்கானதை ஒதுக்குவார்கள். இறைச்சிக்குப் போவது பெரும்பாலும் அந்த ஆண்டுக் கன்றுகள்தான். ஆக, வீட்டுக்குப் பணம் வருவது ஆண்டில் அந்தச் சில மாதங்களில். செலவு மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி, அதற்குப் பெட்ரோல், உதிரிபாகம், வேலி, சில இடங்களில் மந்தையைத் திருப்ப ஹெலிகாப்டர் வாடகைகூட உண்டு. இடையில் வுல்வரீனும் லின்க்ஸும் கரடியும் கழுகும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அரசு இழப்பீடு தரும், ஆனால் போன கன்றுகளின் எண்ணிக்கையில் மேய்ப்பரும் அரசும் ஒத்துப்போவது அபூர்வம்.

இதற்கு மேல் இப்போது வானிலை. குளிர்காலத்தில் துருவமான் பனியைக் காலால் தோண்டி, அடியில் இருக்கும் பாசி போன்ற லைக்கனைத் தின்னும். நடுக்குளிரில் மழை பெய்து, உடனே உறைந்துவிட்டால் தரைமேல் கண்ணாடி மாதிரி ஒரு பனிப்படலம் பிடித்துவிடும். தீனி கண்முன்னே இருக்கும், வாய்க்கு எட்டாது. 2020இல் நார்வேயின் வடக்கில் இப்படி ஆகி, மந்தைகளுக்கு அவசரமாகத் தீவனம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. காசு கொடுத்துத் தீவனம் வாங்கிப் போட ஆரம்பித்தால் இந்தத் தொழிலின் கணக்கே மாறிவிடும். காட்டில் தானாகக் கிடைத்ததை வைத்துத்தான் இது நூற்றாண்டுகளாகக் கட்டுப்படியானது.

சரி, மந்தையைப் பெருக்கி ஈடுகட்டலாமே என்று கேட்டால், அதுவும் முடியாது. மேய்ச்சல் நிலம் தாங்காது என்று அரசுகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஃபின்லாந்து முழுவதற்கும் குளிர்கால மந்தையின் உச்சவரம்பு 2,03,700. அதை 54 மேய்ப்புக் கூட்டுறவுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. தலை எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்றால், ஒவ்வொரு தலையிலிருந்தும் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். சுற்றுலா வீட்டுக்குள் வரும் வாசல் இதுதான்.

இறைச்சி வியாபாரியிடம் கொடுத்தால் ஒரு மானுக்கு ஒருமுறைதான் விலை. அதே இறைச்சி வீட்டுக்கு வரும் விருந்தினருக்குப் பிதோஸ் என்ற குழம்பாகப் போனால் விலை வேறு. தோல், கொம்பு, கத்திப்பிடிக்கு ஆகும் எலும்பு, காலணி தைக்கும் கால்தோல் எல்லாம் தனித்தனியாகக் காசாகும். காயடித்துப் பழக்கிய ஒரு கடா, சறுக்குவண்டி இழுத்தபடி பல ஆண்டுகள் உயிரோடு இருந்தே சம்பாதித்துக் கொடுக்கும். அதைப் பழக்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. விருந்தினருக்குச் சமைப்பது, கதை சொல்வது, கைவினை விற்பது, முன்பதிவு பார்ப்பது என்ற இந்தப் பக்கத் தொழிலைப் பல வீடுகளில் பெண்கள்தான் நடத்துகிறார்கள். மந்தை யார் பெயரில் பதிவாகியிருந்தாலும், மாதாமாதம் கையில் பணம் புரள்வது இவர்களால்தான்.

ஆனால் இந்த இரண்டு தொழிலுக்கும் நாள்காட்டி ஒத்துப்போவதில்லை. பயணிகள் குவிவது டிசம்பர் முதல் மார்ச் வரை. அந்த நேரத்தில் பெரிய மந்தை எங்கோ காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும். பயணி பார்ப்பது வீட்டருகே தீவனம் போட்டுக் கட்டி வைத்திருக்கும் சில பழகிய மான்களை. மே மாதத்தில் கன்று ஈனும் காலம், யாரும் கிட்டே போகக் கூடாது. சினைமான் மிரண்டு ஓடினால் கன்று போய்விடும். மந்தை பிரிக்கும் பட்டியைப் பார்க்கவேண்டும் என்று பயணிகள் மிகவும் ஆசைப்படுவார்கள், படம் அருமையாக வரும் என்று. பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. நூற்றுக்கணக்கான மான்கள் சுழன்று ஓடும் இடத்தில் டிரோனோடு ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக, உண்மையான வேலை நடக்கும் இடத்தைப் பயணி பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொழில் நடக்கும் இடம் வேறு, விருந்தினரை உட்கார வைக்கும் இடம் வேறு என்று பிரித்து வைத்திருப்பதால்தான் இரண்டும் பிழைத்திருக்கின்றன.

காட்சிப்பொருள் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1822இல் லண்டனின் பிக்காடில்லியில் இருந்த எஜிப்ஷியன் ஹால் என்ற அரங்கில் வில்லியம் புல்லக் என்பவர் ஒரு சாமி குடும்பத்தைத் துருவமான்களோடு நிறுத்திக் கட்டணம் வசூலித்தார். கூட்டம் அலைமோதியது. 1870களின் நடுவில் ஹாம்பர்க்கின் விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் ஒரு சாமி குழுவை வரவழைத்து, கூடாரம் போட்டு, பால் கறப்பது முதல் குழந்தைக்குப் பாலூட்டுவது வரை மக்கள் பார்க்கும்படி வைத்தார். ஐரோப்பா முழுவதும் பல பத்தாண்டுகள் நடந்த மனிதக் கண்காட்சிகளுக்கு அதுதான் பெரிய முன்மாதிரி. கொடுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிப் போனவர்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாமல் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒப்பந்தம் பேசி, சம்பளம் வாங்கி, மறுபடியும் போனவர்களும் அவர்களில் உண்டு.

கண்காட்சியைவிட எனக்கு முக்கியமாகப் படும் இன்னொரு பழைய கதை நார்வேயின் டிரோம்ஸோவில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில், ஸ்வீடன் பக்கத்துச் சாமி குடும்பங்கள் கோடை மேய்ச்சலுக்கு அந்த ஊரை ஒட்டிய டிரோம்ஸ்டாலன் பள்ளத்தாக்குக்கு மந்தையோடு வரும். துறைமுகத்தில் இறங்கும் நீராவிக் கப்பல் பயணிகள் நடந்துபோய்ப் பார்ப்பார்கள். மந்தையை மலையிலிருந்து இறக்கிக் காட்டத் தனிக் கட்டணம். கொம்புக் கரண்டி, தோல் செருப்பு, கத்தி எல்லாம் அங்கேயே விற்பனை. எல்லாவற்றையும் நடத்தியவர்கள் அவர்களே. மேய்ச்சலுக்கு எப்படியும் வர வேண்டிய இடம், வந்த இடத்தில் பக்க வருமானம். பிறகு 1919இல் நார்வேயும் ஸ்வீடனும் எல்லை தாண்டும் மேய்ச்சலைக் குறைத்து ஒப்பந்தம் போட்டன. பல குடும்பங்கள் ஸ்வீடனின் தெற்குப் பகுதிகளுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டன. கோடை முகாமும் அந்த வருமானமும் போயின. பயணிகள் சலித்துப்போய் வராமல் நின்றுவிடவில்லை, மேய்ச்சல் உரிமை போனதால் முகாம் போனது. இன்று அதே டிரோம்ஸோவில் குளிர்காலத்துக்கு நேரடி விமானங்கள் வரிசைகட்டி வருகின்றன. துருவமான் வண்டி, கூடாரத்தில் சூடான குழம்பு, யோயிக் என்ற சாமி பாட்டு என்று மறுபடியும் சாமி குடும்பங்களின் தொழில் நடக்கிறது.

இனி ரோவானியெமிக்கு வருவோம், ஏனென்றால் நம்மவர்கள் பெரும்பாலும் போவது அங்கேதான். ஆர்க்டிக் வட்டத்தின்மேல் இருக்கும் அந்த ஃபின்லாந்து நகரம் சாமி தாயகப் பகுதிக்குள் இல்லை. தாயகம் என்று சட்டம் சொல்வது உட்ஸ்யொக்கி, இனாரி, எனோன்டேக்கியோ, சோடன்கிலாவின் வடபகுதி ஆகியவற்றை. இனாரி ஊர் ரோவானியெமியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. 1984 கிறிஸ்துமஸுக்கு லண்டனிலிருந்து கான்கார்டு விமானம் அங்கே வந்து இறங்கியதும், 1985இல் கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் திறந்ததும் அந்த ஊரின் தலையெழுத்தை மாற்றின. கடைகளுக்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கும் கொஞ்சம் "மண்வாசனை" தேவைப்பட்டது. சாமி மக்களின் பெயரையும் உடையையும் எடுத்துக்கொண்டார்கள். காக்தி என்ற அவர்களின் உடையில் எந்தக் குடும்பம், எந்தப் பகுதி, எந்த ஊர் என்பதெல்லாம் நிறத்திலும் பட்டையிலும் தெரியும். அதைப் போலியாகத் தைத்து, சாமி அல்லாத வழிகாட்டிகளுக்கு மாட்டி, முகத்தில் கரி பூசி, மந்திரவாதி வேடம் போட்டு, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதற்கு "லாப்லாந்து ஞானஸ்நானம்" என்று ஒரு சடங்கை இட்டுக்கட்டி நடத்தினார்கள். சாமி மரபில் அப்படி ஒரு சடங்கே கிடையாது.

பயணிகள் சாமி மரபு என்று நம்பி ரசிக்கும் இன்னும் சில அப்படித்தான். ஹஸ்கி நாய் வண்டி சைபீரியா, வட அமெரிக்கா பக்கத்து வழக்கம். ஃபின்லாந்தில் அது 1980களில் சுற்றுலாவுக்காக வந்தது. சாமி மேய்ப்பர் வைத்திருப்பது மந்தையை மடக்கும் நாய். ஹஸ்கிக் கூட்டம் குரைத்துக்கொண்டு ஓடும் பாதை மேய்ச்சல் காட்டின் நடுவே போனால் மந்தை சிதறிவிடும் என்பதால் இரண்டு தரப்புக்கும் உரசல் நடந்துகொண்டே இருக்கிறது. பனிக்கட்டியால் கட்டும் இக்லூ இனுயிட் மக்களுடையது. சாமி கூடாரத்துக்கு லாவ்வு என்று பெயர். கண்ணாடி இக்லூவில் படுத்து வடதுருவ ஒளியைப் பார்ப்பதற்கும் சாமி பண்பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல சாமி வீடுகளில் அந்த ஒளி தெரியும்போது சத்தம் போடாதே, சீட்டியடிக்காதே என்று பிள்ளைகளை அடக்குவார்கள்.

இதையெல்லாம் வெறும் மனவருத்தம் என்று ஒதுக்க முடியாது, பண நஷ்டமும் இருக்கிறது. ரோவானியெமியில் ஆண்டுக்குப் பதிவாகும் இரவுத் தங்கல்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. போலி அங்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மலிவாகக் கிடைத்தால், இன்னும் 300 கிலோமீட்டர் வடக்கே போய் உண்மையான ஒரு குடும்பத்தைத் தேடிப் பார்ப்பவர் எத்தனை பேர்? இதில் ஃபின்லாந்துக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நார்வேயின் சாமி மேய்ச்சல் பகுதியிலும் ஸ்வீடனிலும் துருவமான் வளர்ப்பு பெரும்பாலும் சாமி மக்களுக்கே உரிய உரிமை. ஃபின்லாந்தில் அப்படி இல்லை. மேய்ப்புப் பகுதியில் வசிக்கும் எந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனும் மந்தை வைத்துக்கொள்ளலாம். அங்கே ஃபின்னியக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துருவமான் வளர்க்கின்றன, அவர்களின் பண்ணைச் சுற்றுலாவும் நேர்மையான தொழில்தான். அதைச் சாமி என்று சொல்லி விற்கும்போதுதான் தப்பாகிறது.

போராட்டங்களும் புகார்களும் நடந்த பிறகு, ஃபின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018 செப்டம்பரில் சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. இதில் நான் கவனித்த விஷயம், முதல் நோக்கம் வருமானத்தைப் பெருக்குவது இல்லை. சாமி பண்பாட்டைச் சுரண்டும் சுற்றுலாவையும் அதன்வழி பரவும் பொய்த் தகவலையும் நிறுத்துவதுதான் முதலாவது. இரண்டாவது, சுற்றுலாவில் பங்கே எடுக்காத சாமி மக்களின் அன்றாட வாழ்க்கையைக் காப்பாற்றுவது. உட்ஸ்யொக்கியில் ஒரு வீட்டு முற்றத்தில் தெரியாத ஆள் வந்து நின்று சன்னல் வழியே படம் எடுப்பதும், பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி உடையைத் தொட்டுப் பார்ப்பதும் நடக்கிறது. சம்பாதிப்பவர் ஒருவர், தொல்லையை அனுபவிப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். இதை ஒப்புக்கொண்டு எழுதியதுதான் அந்த ஆவணத்தின் பலம். சட்ட பலம் கிடையாது, மீறினால் அபராதமும் இல்லை. இருந்தாலும் பெரிய நிறுவனங்கள் சில தங்கள் விளம்பரங்களில் எதைப் போடுகிறோம் என்று இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன.

நிலத்துக்கு வருகிறேன். ஃபின்லாந்தின் சாமி தாயகத்தில் சுமார் 90 சதவீத நிலம் அரசுடையது. மெட்சாஹல்லிட்டுஸ் என்ற அரசு வன நிறுவனம் அதை நிர்வகிக்கிறது. ஸ்னோமொபைல் பாதைக்கும் நாய் வண்டிப் பாதைக்கும் அனுமதி அங்கிருந்துதான் வரும். கலந்தாலோசிப்பார்கள், முடிவு அவர்களுடையது. ஸ்வீடனில் இன்னொரு விசித்திரம். 51 சாமேபி என்ற மேய்ப்புச் சமூகங்கள் அங்கே உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சாமேபி மேய்ப்பைத் தவிர வேறு எந்தத் தொழிலையும் செய்யக் கூடாது. அதாவது ஊரே கூடி ஒரு சுற்றுலா நிறுவனம் தொடங்கலாம் என்றால் சட்டம் விடாது. உறுப்பினர் ஒருவர் தனியாகத் தொடங்கலாம். கூட்டாகச் செய்து, லாபத்தைக் கூட்டாகப் பங்கிடும் வழியை அரசே அடைத்துவைத்திருக்கிறது.

அதனால்தான் கிர்யாஸ் வழக்கு இந்த விஷயத்தில் பெரிய திருப்பம். 1993இல் ஸ்வீடன் அரசு, மேய்ச்சல் மலைகளில் சிறு வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் பொதுமக்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கத் தொடங்கியது. வேட்டைக்காரர்கள் நாய்களோடு வந்தார்கள், மந்தை கலைந்தது, சீட்டு கொடுக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது. கிர்யாஸ் என்ற சாமேபி 2009இல் வழக்குப் போட்டது. 2020 ஜனவரி 23 அன்று ஸ்வீடன் உச்ச நீதிமன்றம், அந்தப் பகுதியில் சிறு வேட்டை, மீன்பிடி அனுமதி கொடுக்கும் உரிமை கிர்யாஸ் சமூகத்துக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. காரணம், நினைவுக்கெட்டாத காலமாக அவர்கள் அதை அனுபவித்து வருகிறார்கள். இதன் நடைமுறைப் பொருள், எத்தனை பேர் வரலாம், எப்போது வரலாம், என்ன கட்டணம், எந்த மாதம் யாரும் வரக் கூடாது என்பதை மந்தைக்காரரே சொல்லலாம் என்பது. நூறு கைவினைப் பயிற்சி முகாம்களைவிட இந்த ஒரு தீர்ப்பு பெரிது என்பேன். தீர்ப்புக்குப் பிறகு சாமி மக்கள்மேல் வசவும் மிரட்டலும் வந்தன. சில துருவமான்கள் கொல்லப்பட்டும் கிடந்தன.

இதற்கு நேர் எதிரான பாடம் நார்வே, ஃபின்லாந்து எல்லையில் ஓடும் ஆற்றில். நார்வேக்காரர்களுக்குத் தானா, ஃபின்னியருக்குத் தேனோ, சாமி மொழியில் தேட்னு. சால்மன் மீனுக்குப் பேர்போன ஆறு. கரையோரச் சாமி குடும்பங்கள் வலையும் அணையும் வைத்துப் பிடிப்பார்கள். தெற்கிலிருந்து தூண்டிலோடு வரும் பயணிகளுக்குக் குடில் வாடகைக்கு விட்டும் சம்பாதிப்பார்கள். 2017இல் இரு நாடுகளும் போட்ட புதிய ஒப்பந்தம் உள்ளூர் மரபு மீன்பிடிப்பை வெகுவாகக் குறைத்தது. எங்கள் வலையைக் குறைத்துவிட்டு வெளியூர்த் தூண்டிலுக்குச் சீட்டு விற்பதா என்று கொதித்துப்போய், இளைஞர் குழு ஒன்று ஆற்றுத் தீவு ஒன்றில் கூடாரம் போட்டு, இங்கே எங்கள் விதிதான் செல்லும் என்று அறிவித்தது. பிறகு மீனே குறைந்துபோய், 2021இலிருந்து சால்மன் பிடிப்பதற்கே தடை வந்தது. வலைக்காரருக்கும் மீனில்லை, குடில்காரருக்கும் வாடகை இல்லை. சுற்றுலா மாற்று வருமானம் என்று பேசுகிறவர்கள் இந்த ஆற்றை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருமானமும் ஒரே மீனில் தொங்கிக்கொண்டிருந்தன.

உடைமை கையில் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அலாஸ்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். அங்கே 1971இல் வந்த நிலத் தீர்வுச் சட்டம் பழங்குடிகளின் பெயரில் பங்கு நிறுவனங்களை உருவாக்கி, அவற்றுக்கு நிலமும் பணமும் கொடுத்தது. லிங்கிட் பழங்குடி மக்கள் வாழும் ஹூனா என்ற சிறு ஊரின் நிறுவனமான ஹூனா டோட்டம், மூடிக் கிடந்த பழைய சால்மன் டப்பாத் தொழிற்சாலையை வாங்கிப் புதுப்பித்து, 2004இல் கப்பல் பயணிகளுக்கான துறையாகத் திறந்தது. கடை, வழிகாட்டி, நடனம் எல்லாம் அவர்கள் கையில். வேலைக்கும் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். ஊரின் வீட்டுப் பகுதியையும் கப்பல் துறையையும் தள்ளித்தள்ளி வைத்திருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் 2020இல் பெருந்தொற்று வந்தபோது அலாஸ்காவுக்குப் பெரிய கப்பல்கள் அந்தப் பருவம் முழுக்க வரவேயில்லை. உடைமை இருந்தும் வருமானம் நின்றது. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் லாப்லாந்திலும் ஓட்டல்கள் காலி. மந்தை வைத்திருந்த குடும்பங்களுக்குக் குறைந்தது இறைச்சி இருந்தது. ஹஸ்கிப் பண்ணைக்காரர்களுக்கு நூற்றுக்கணக்கான நாய்களுக்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது.

மேய்ப்பில் இல்லாத அந்தத் தொண்ணூறு சதவீதத்துக்குச் சுற்றுலாவால் என்ன பயன் என்றும் கேட்கலாம். கொஞ்சம் உண்டு, பெரும்பாலும் கைத்தொழில் வழியாக. துவோட்ஜி என்று சொல்வார்கள்: மரக்குடுவை, கத்தி, வெள்ளீயக்கம்பி பின்னிய தோல்வார், நெசவுப் பட்டை. 1980களிலிருந்து சாமி கைவினைஞர் செய்ததற்கு ஒரு முத்திரை இருக்கிறது. அது இல்லாத வண்ணத் தொப்பிகள் எங்கோ தொழிற்சாலையில் தைத்தவை என்று நினைத்துக்கொள்ளலாம். இனாரியில் இருக்கும் சீடா அருங்காட்சியகம் இன்னொரு பெரிய வேலைக்களம். 2021இல் ஃபின்லாந்து தேசிய அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த 2,200க்கும் மேற்பட்ட சாமி பொருள்களை அங்கே திருப்பிக் கொடுத்தது. புதுப்பித்த காட்சிக்கூடம் 2024இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதைப் பெற்றது. ஆய்வாளர், வழிகாட்டி, பாதுகாப்பாளர், சமையல்காரர் என்று சாமி மொழி பேசிக்கொண்டே வேலை பார்க்கும் இடம் அது. அந்த நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். முன்பதிவு செய்வதற்கு முன் நிறுவனத்தின் பக்கத்தில் உரிமையாளர் குடும்பத்தின் பெயரும், மேய்ப்புச் சமூகத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். "சாமி அனுபவம்" என்று எழுதிவிட்டு யார் நடத்துகிறார்கள் என்றே சொல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுங்கள். ஹஸ்கியும் துருவமானும் இக்லூவும் மந்திரவாதியும் ஒரே தொகுப்பில் மூன்று மணி நேரத்தில் வருகின்றன என்றால் கேட்கவே வேண்டாம். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும். ஆறேழு பேருக்கு மேல் ஏற்காத குடும்பங்களும் உண்டு. போன இடத்தில், உங்களிடம் எத்தனை மான் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம் அது. ஆள்களையும் பிள்ளைகளையும் படம் எடுக்குமுன் கேளுங்கள். காக்தியை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு படம் எடுக்கும் ஏற்பாடு எங்காவது இருந்தால் அது சாமி குடும்பம் நடத்துவதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கிறிஸ்துமஸ் வாரம் எல்லா இடத்திலும் நெரிசல், விலையும் உச்சம். பிப்ரவரி முதல் வாரம் முடியுமென்றால் ஸ்வீடனின் யோக்மோக் ஊருக்குப் போகலாம். 1605இல் அரசு வரி வசூலுக்காகத் தொடங்கிய குளிர்காலச் சந்தை இன்னும் அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. வியாழனில் தொடங்கி மூன்று நாள். சாமி குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே உறவு பார்க்கவும் துணி, கத்தி வாங்கவும் வரும் சந்தை. பயணிகள் அதன் ஓரத்தில் கலந்துகொள்கிறார்கள். அந்த நாட்களில் ஊரில் தங்க இடம் கிடைப்பது கடினம், முந்தைய ஆண்டே சொல்லி வைக்க வேண்டும்.